தூங்கும் பிள்ளையின் நரம்புகளை ஏன் கவனிக்கிறோம்? குழந்தைகளுக்கான டி.பி.எஸ். அறுவை சிகிச்சை: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் செங்கோட்டையில் பிறந்தவள். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனையில் நியூரோபிசியாலஜி டெக்னீஷியனாக இருக்கிறேன். அறுவை சிகிச்சை நடக்கும்போது நோயாளியின் மூளையிலும் நரம்பிலும் தசையிலும் எழும் மின் அலைகளைத் திரையில் பார்த்து மருத்துவர்களுக்குச் சொல்வது என் வேலை. களியக்காவிளை, தென்காசி, குமுளி, வண்டிப்பெரியாறு, மூணாறு எஸ்டேட் லயங்கள் என்று பல இடங்களிலிருந்தும், கை கால் முறுக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு டி.பி.எஸ். (மூளையின் ஆழத்தில் மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை) செய்யத் தமிழ்க் குடும்பங்கள் வரும். அப்போதெல்லாம் வார்டிலிருந்து என்னைக் கூப்பிடுவார்கள். ஒரே சந்தேகங்களைப் பல தாய்மார்கள் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் மகனுக்கு வலிப்பு நோய் இல்லை. கை கால் முறுக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஏன் மூளையில் ஆபரேஷன்?

முறுக்குவது கையும் காலும்தான், ஆனால் முறுக்கச் சொல்லும் தவறான கட்டளை மூளையின் ஆழத்திலிருந்து வருகிறது. இந்த நோய்க்கு டிஸ்டோனியா என்று பெயர். அசைவுகளைச் சீர்படுத்தும் பகுதிகளில் ஒன்று குளோபஸ் பாலிடஸ். அதன் உட்பகுதியில் லீட் எனப்படும் மெல்லிய மின்கம்பி ஒன்றை வைத்து, இடைவிடாமல் சிறு மின்துடிப்புகளைக் கொடுத்து, அந்தத் தவறான கட்டளையைக் குலைப்பதுதான் டி.பி.எஸ். எனப்படும் ஆழ்மூளைத் தூண்டல். பரவலாகப் பயன்படும் லீடின் விட்டம் 1.27 மில்லிமீட்டர். அதன் நுனியில் 1.5 மில்லிமீட்டர் நீளமுள்ள நான்கு தொடுமுனைகள் இருக்கும். மின்துடிப்பைத் தரும் பேட்டரியை நெஞ்சிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் வைப்பார்கள்.

இது நேற்று வந்த சிகிச்சை அல்ல. பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிட் குழுவினர் 1987-இல் நடுக்க நோய்க்கு இதைத் தொடங்கினார்கள். டிஸ்டோனியாவுக்கு, 7 வயது முதலே பயன்படுத்த 2003-இல் அமெரிக்க அரசு சிறப்பு அனுமதி தந்தது.

எல்லைப்புறத்தார் இங்கே ஒரு சொல்லில் கவனமாக இருக்க வேண்டும். நாம் ‘கால் வலிக்கிறது’ என்றால் நோகிறது என்று பொருள். மலையாளத்தில் ‘வலிக்குன்னு’ என்றால் இழுக்கிறது என்று பொருள். நோவை அவர்கள் ‘வேதனை’ என்பார்கள். ஒரு தாய் தன் பிள்ளையின் கால் நோவைச் சொல்ல, அதைத் தசை இழுப்பு என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். நோவென்றால் ‘வேதனை’ என்றும், முறுக்கு என்றால் ‘இழுக்கிறது’ என்றும் பிரித்துச் சொல்லுங்கள். சொன்னது புரியாவிட்டால் செய்து காட்டுங்கள்.

“நரம்பைக் கண்காணிப்போம்” என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றுகிற நரம்பையா?

இல்லை. ஊசி போடும்போது ‘நரம்பு கிடைக்கவில்லை’ என்கிறோமே, அது ரத்தக் குழாய். டாக்டர் சொன்னது உணர்ச்சியையும் கட்டளையையும் கடத்துகிற உண்மையான நரம்பு. தமிழிலும் மலையாளத்திலும் பேச்சில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் புழங்குவதால் இந்தக் குழப்பம் இரு தரப்பிலும் உண்டு.

மணிக்கட்டில் ஒரு சிறு மின்துடிப்பு கொடுத்தால் அது கை நரம்பு வழியே முதுகுத் தண்டு ஏறி மூளையை அடையும். பெரியவர்களுக்கு இதற்கு ஏறத்தாழ 20 மில்லி விநாடி ஆகும். தலையில் பொருத்திய மின்முனை அந்த வருகையைப் பதிவு செய்யும். எதிர்த்திசையிலும் இப்படிச் சோதிக்கலாம்: மூளையில் துடிப்பு கொடுத்து, கையிலோ காலிலோ தசை அசைகிறதா என்று பார்க்கலாம். வழி திறந்திருக்கிறதா, அடைபடுகிறதா என்று அறுவை முடியும்வரை பார்த்துக்கொண்டே இருப்பதைத்தான் கண்காணிப்பு என்கிறோம்.

உடம்பெல்லாம் ஊசி குத்தி வயர் மாட்டுவீர்களாமே? பிள்ளைக்கு வலிக்காதா?

குத்தும்போது பிள்ளை முழு மயக்கத்தில் இருக்கும், வலி தெரியாது. முகம், மேற்கை, கட்டைவிரல் அடிப்பகுதி, முழங்காலுக்குக் கீழே, பாதம் ஆகிய இடங்களில் தோலுக்கடியில் போகும் மெல்லிய ஊசிகளை வைப்போம். எழுந்த பிறகு அங்கங்கே சிறு சிவப்புப் புள்ளிகள் இருக்கும். எறும்பு கடித்ததுபோலத் தெரியும், இரண்டொரு நாளில் மறைந்துவிடும்.

தலையில் ஒட்டும் மின்முனைகளுக்கு உங்கள் உதவி வேண்டும். முதல் நாள் இரவு பிள்ளையின் தலையை ஷாம்பு போட்டுக் கழுவிவிடுங்கள், அதன்பின் தேங்காய் எண்ணெய் வைக்காதீர்கள். ‘மொட்டைத் தலையாகப் போகிறான், கடைசியாக ஒரு தடவை’ என்று பாட்டிமார் அன்போடு எண்ணெய் தேய்த்துவிடுவது உண்டு. எண்ணெய்ப் பசையில் மின்முனை நிற்காது, அலையில் இரைச்சல் கூடிவிடும். விரல் நுனியில் மருதாணியும் வேண்டாம், ஆக்ஸிஜன் அளக்கும் கருவிக்கு அது இடைஞ்சல்.

தாயத்து, அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டுமா?

உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. எம்.ஆர்.ஐ. அறையில் அது ஆபத்து. அறுவையின்போது மின்சாரத்தால் ரத்தத்தை நிறுத்தும் கருவி பயன்படும், உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்துபோகலாம். கழற்றி உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெரியவர்களுக்கு விழித்திருக்கும்போதே இந்த ஆபரேஷன் செய்வதை வீடியோவில் பார்த்தோம். எங்கள் பிள்ளைக்கு மட்டும் ஏன் மயக்கம்?

நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பார்க்கின்சன் நோயாளியாக இருக்கும். அவரிடம் ‘கையை நீட்டுங்கள், எண்ணுங்கள்’ என்று சொல்லி, கரண்ட் கொடுத்தவுடன் நடுக்கம் அடங்குகிறதா என்று பார்க்கலாம். எட்டு வயதுப் பிள்ளை தலையில் உலோகச் சட்டம் பூட்டிக்கொண்டு மணிக்கணக்கில் அசையாமல் கிடக்குமா? பயமே முறுக்கைக் கூட்டிவிடும். சில இடங்களில் பெரிய பிள்ளைகளை ஓரளவு விழிப்பில் வைத்துச் செய்வதும் உண்டு, ஆனால் பெரும்பாலான குழந்தைகளுக்கு முழு மயக்கம்தான்.

இன்னொன்றும் உண்டு. டிஸ்டோனியா உடனே அடங்குகிற நோய் அல்ல. சரியான இடத்தில் லீட் வைத்தாலும் பலன் தெரிய வாரங்களும் மாதங்களும் ஆகும். அதனால் பிள்ளை விழித்திருந்தாலும் மேஜையிலேயே குணத்தைப் பார்த்துவிட முடியாது. லீட் சரியான இடத்தில் இருக்கிறது, தொடக் கூடாததைத் தொடவில்லை என்பதைத்தான் அங்கே உறுதிசெய்ய முடியும். நரம்பு அலைகளை இவ்வளவு உன்னிப்பாகப் பார்ப்பது அதற்காகவே.

மயக்கம் கொடுத்தால் மூளையும் தூங்கிவிடுமே, பிறகு என்ன அலை வரும்?

சரியான கேள்வி. மயக்க மருந்து அலைகளைக் குறைக்கத்தான் செய்யும். சுவாசத்தில் கொடுக்கும் மயக்க வாயு தசைக் கட்டளை அலைகளை வெகுவாக அமுக்கும். அதனால் பெரும்பாலும் ரத்தக் குழாய் வழியே செலுத்தும் மருந்துகளையே பயன்படுத்துவார்கள். மூளைச் செல்களின் ஒலியைக் கேட்கும் நேரத்தில் (அதைப் பின்னால் சொல்கிறேன்) அந்த மருந்துகளின் அளவையும் குறைப்பார்கள். பிள்ளை விழித்துவிடாதபடி மயக்கவியல் மருத்துவர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்வார்.

தசையைத் தளர்த்தும் மருந்தைத் தொண்டைக் குழாய் வைக்கும்போது மட்டும் கொடுத்து நிறுத்திவிடுவார்கள். அது உடம்பில் இருக்கும்வரை தசை அசையாது. வழி திறந்திருந்தாலும் எங்கள் திரையில் அடைத்ததுபோல்தான் தெரியும்.

எம்.ஆர்.ஐ.யில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறதே. பிறகு எதற்கு இத்தனை சோதனை?

படம் எடுத்தது மூடிய மண்டையில். துளை போட்டதும் மூளையைச் சுற்றியுள்ள நீர் சிறிது வெளியேறும், காற்று உள்ளே போகும், மூளை கொஞ்சம் நகரும். படத்திலேயே சிறு நெளிவும் இருக்கக்கூடும். நாம் குறிவைக்கும் இடம் சில மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் இங்கே அது பெரிய தூரம்.

உள்ளே அப்படி என்னதான் பார்க்கிறீர்கள்?

மூன்று காரியங்கள் நடக்கும். எல்லா மருத்துவமனைகளும் மூன்றையும் செய்வதில்லை.

முதலாவது, கேட்பது. முடியைவிட மெல்லிய நுனியுள்ள நுண் மின்முனையைச் சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு செல்லின் மின்துடிப்பையும் ஒலிபெருக்கியில் கேட்போம். தகர ஓட்டில் மழை விழுவதுபோல இருக்கும். பாலிடத்தின் (முன்பு சொன்ன குளோபஸ் பாலிடஸ்) வெளிப்பகுதியில் செல்கள் சடசடவென்று அடித்துவிட்டு, நின்று, மறுபடி அடிக்கும். இரண்டு பகுதிகளுக்கும் இடையே உள்ள எல்லையில் ஒரே சீரான, நிதானமான துடிப்பு கேட்கும். உட்பகுதிக்குள் போனதும் சத்தம் அடர்ந்து இடைவெளி குறைந்துவிடும். மயக்கத்தில் இருக்கும் டிஸ்டோனியாப் பிள்ளைக்கு இந்த வேறுபாடு பெரியவர்களுக்குப்போல் தெளிவாக இருக்காது. காது பழக வேண்டும். ஆரியங்காவில் தமிழ் எங்கே முடிந்து மலையாளம் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாவிட்டாலும், கடைத்தெருவில் பத்தடி நடந்தால் காதுக்குத் தெரிந்துவிடுகிறதே, அப்படித்தான் இதுவும்.

இரண்டாவது, கண் நரம்பு. உட்பகுதிக்கு நேர் கீழே பார்வைக் கற்றை ஓடுகிறது. மூடிய இமையின் மேல் வெளிச்சத்தை மின்னவைத்து, நுண் மின்முனையில் அதற்குப் பதில் வருகிறதா என்று பார்ப்போம். வந்தால் பாலிடத்தின் அடித்தளத்துக்கு வந்துவிட்டோம் என்று பொருள். விழித்திருக்கும் பெரியவர் கற்றையைத் தூண்டினால் ‘கண்ணில் மின்னல் தெரிகிறது’ என்று சொல்லிவிடுவார். தூங்கும் பிள்ளையால் சொல்ல முடியாது.

மூன்றாவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. பாலிடத்தின் உட்புறம் ஒட்டியபடி, மூளையிலிருந்து கை கால்களுக்குக் கட்டளை இறங்கும் பெரும்பாதை இருக்கிறது. லீடை வைத்தபின் அதன் வழியே கரண்டைப் படிப்படியாகக் கூட்டுவோம். முகம், கை, கால் தசைகளில் வைத்த ஊசிகளில் எந்த அளவில் பதில் வருகிறது என்று குறிப்போம். குறைந்த கரண்டிலேயே தசை துடித்தால் லீட் அந்தப் பாதைக்கு மிக அருகே இருக்கிறது. நிறையக் கூட்டிய பிறகு துடித்தால் போதிய தூரம் இருக்கிறது. எவ்வளவு கூட்டியும் எதுவும் வராவிட்டால் உடனே மகிழ்ந்துவிட முடியாது. மிகவும் விலகிப்போயிருக்கலாம், அல்லது தசை தளர்த்தும் மருந்து இன்னும் இறங்காமல் இருக்கலாம்.

பெரியவர்களுக்கு வருகிற மாதிரியேதான் குழந்தைக்கும் அலை வருமா?

வராது. நரம்பின் மேல் உறை முழுமையடைய ஆண்டுகள் ஆகும். கட்டளைப் பாதை முதிராத சிறு பிள்ளைகளுக்குக் கூடுதல் தூண்டல் வேண்டியிருக்கும், அலையும் நிலையில்லாமல் இருக்கும். கையின் நீளமும் கணக்கில் வரும். பிறக்கும்போது மூளை பாதிப்பு நேர்ந்த பிள்ளைக்கு அடிப்படை அலையே வேறாக இருக்கலாம். அதனால் பெரியவர்களின் அட்டவணையை வைத்து நாங்கள் ஒப்பிடுவதில்லை. மயக்கம் கொடுத்தவுடன் பிள்ளையிடமே எடுத்த முதல் அலைதான் கடைசிவரை அளவுகோல்.

“கரண்ட் கொடுத்தபோது கை துடித்தது” என்று உள்ளேயிருந்து வந்தவர் சொன்னார். ஏதாவது ஆகிவிட்டதா?

ஆகவில்லை. அது நாங்களே வேண்டுமென்று வரவழைத்த துடிப்பு, மேலே சொன்ன மூன்றாவது சோதனை. எந்த அளவில் துடித்தது என்பதுதான் செய்தி. குறைந்த அளவில் வந்திருந்தால் லீடை இடம் மாற்றி மீண்டும் பார்ப்பார்கள். ஆபரேஷன் அரை மணி நேரம் நீளும், பிள்ளைக்கு அது நல்லதுதான். மண்டையை மூடிவிட்ட பிறகு வார்டில் கண்டுபிடித்தால் இரண்டாம் ஆபரேஷன் தேவைப்படும்.

சிக்னல் ரொம்ப நன்றாக வந்தது என்றார்கள். அப்படியானால் பிள்ளை குணமாகிவிடுவான்தானே?

இந்த ஒரு கேள்விக்காகவே இவ்வளவும் எழுதத் தொடங்கினேன். சிக்னல் நன்றாக வந்தது என்றால் லீட் குறித்த இடத்தில் இருக்கிறது, கட்டளைப் பாதை சேதமில்லாமல் இருக்கிறது. அவ்வளவுதான் அதன் பொருள். பிள்ளை எவ்வளவு தேறும் என்பதை நோயின் காரணம்தான் பெரிதும் முடிவு செய்யும்.

டி.ஒய்.டி.1 என்ற மரபணு வகை டிஸ்டோனியாவுக்குப் பலன் மிக நன்றாக இருக்கும். படுத்த பிள்ளைகள் எழுந்து நடந்ததும் உண்டு. பிறந்தபோது மூச்சுத் திணறியோ, மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கியோ வந்த முறுக்குக்குப் பலன் குறைவு, பிள்ளைக்குப் பிள்ளை மாறும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு எழுந்து நடப்பதைக் குறிக்கோளாக வைக்க முடியாமல் போகலாம். வலி குறைவது, சக்கர நாற்காலியில் சரிந்துவிடாமல் உட்காருவது, இரவு தூங்குவது, உடை மாற்றும்போது கால் விறைக்காமல் இருப்பது ஆகியவைதான் குறிக்கோளாக இருக்கும். அவையும் பெரியவைதான், இரவெல்லாம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு விழித்திருந்த தாய்க்கு அது தெரியும். ஆனால் ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம், ‘எங்கள் பிள்ளைக்கு எது மாறும், எது மாறாது?’ என்று நேராகக் கேளுங்கள். மூட்டு நிலையாக மடங்கிப்போயிருந்தால் அதை மின்துடிப்பு நிமிர்த்தாது.

லீடை வைத்துவிட்டு வயரைச் சில நாள் வெளியே விட்டுச் சோதிப்பார்களாமே?

சில மையங்களில் செய்கிறார்கள். மூளைக்குள் பல இடங்களில் தற்காலிக மின்முனைகளை வைத்து, மயக்கம் தெளிந்த பிள்ளை வார்டில் விளையாடும்போதும் எழுதும்போதும் மூளை அலைகளைப் பதிவுசெய்து, எந்த இடத்தில் தூண்டினால் பலன் தெரிகிறது என்று பார்த்த பிறகே நிரந்தர லீடை வைப்பார்கள். காரணம் தெளிவில்லாத டிஸ்டோனியாவுக்கு இது பயன்படும். ஆனால் வயர் வெளியே இருக்கும் நாட்களில் தொற்று நுழையாமல் காக்க வேண்டும், பிள்ளை பிடித்து இழுத்துவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கண்காணிப்பாலேயே ஆபத்து உண்டா?

உண்டு, மறைக்கக் கூடாது. நுண் மின்முனையை இறக்கும்போது ரத்தக் குழாயில் பட்டால் கசிவு வரலாம். டி.பி.எஸ். அறுவையில் பாதிப்பு உண்டாக்கும் ரத்தக் கசிவு நூறில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம் என்று பொதுவாகச் சொல்வார்கள். மின்முனையை எத்தனை முறை இறக்குவார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. தூண்டும்போது தாடை இறுகி நாக்கைக் கடிக்காமலிருக்கப் பற்களுக்கிடையே துணிச்சுருள் வைப்போம். மிக அரிதாக வலிப்பு வரலாம்.

கண்காணிப்பால் எதிர்பாராத நன்மையும் உண்டு. நீண்ட நேரம் படுத்திருக்கும் பிள்ளையின் கை எங்காவது அழுந்தினால், இரண்டாம் கேள்வியில் சொன்ன மணிக்கட்டு அலை குறையும். உடனே கையைத் திருத்தி வைப்போம்.

ஆபரேஷன் வரப்போகிறதே, முறுக்கு மாத்திரையை நாங்களே நிறுத்திவிடலாமா?

கூடவே கூடாது. பேக்லோஃபென் போன்ற மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முறுக்கு கட்டுக்கடங்காமல் போகும், உயிருக்கே ஆபத்தாகலாம். எதை எப்போது கொடுக்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பொதுவாக ஆறு மணி நேரத்துக்கு முன் திட உணவை நிறுத்தச் சொல்வார்கள். மலைப்பாதை தாண்டி அதிகாலையில் வருகிறவர்கள் பஸ்ஸில் பிள்ளை அழுகிறது என்று ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். முதல் நாளே வந்து தங்குங்கள்.

பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்? எங்கள் எஸ்டேட்டில் கரண்ட் அடிக்கடி போகும்.

சார்ஜ் செய்ய முடியாத பேட்டரி சில ஆண்டுகளில் தீரும், மாற்ற ஒரு சிறு அறுவை வேண்டும். டிஸ்டோனியாவுக்குக் கூடுதல் சக்தி தேவைப்படுவதால் சீக்கிரமே தீர்வதும் உண்டு. சார்ஜ் செய்வது நெடுங்காலம் உழைக்கும், ஆனால் தவறாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். மழைக்காலத்தில் நாள் கணக்கில் மின்சாரம் போகும் ஊர் என்பதை டாக்டரிடம் சொல்லிவிட்டு வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கருவி திடீரென்று நின்றால் முறுக்கு முன்பைவிட மோசமாகத் திரும்பலாம். விடாத முறுக்கு, காய்ச்சல், வியர்வை, சிறுநீர் கருத்துப்போவது ஆகியவை தெரிந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்குப் போய், டி.பி.எஸ். அட்டையைக் காட்டுங்கள்.

பிசியோதெரபிக்குப் போகலாமா?

போகலாம், போக வேண்டும். ஆனால் டையதெர்மி என்ற வெப்ப சிகிச்சை உடம்பின் எந்தப் பகுதியிலும் கூடவே கூடாது. லீட் சூடாகி மூளைத் திசுவைச் சுட்டுவிடும். ஊர்ப்பக்க பிசியோதெரபி நிலையங்களில் இந்தக் கருவி சாதாரணமாக இருக்கும். உள்ளே நுழைந்ததும் முதல் வார்த்தையாக இதைச் சொல்லுங்கள். எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும் கருவியின் வகையைச் சொல்லிய பிறகுதான்.

ரேஷன் கார்டு தமிழ்நாடு, ஆஸ்பத்திரி கேரளா. காப்பீடு கிடைக்குமா?

மருத்துவமனைக்கு மருத்துவமனை, திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோ ஆயுஷ்மான் அட்டையோ எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு, தேதி குறிக்கும் முன்பே உதவி மையத்தில் கேளுங்கள். கருவியின் விலையும் கண்காணிப்புக் கட்டணமும் அதில் அடங்குமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். பேட்டரி மாற்றும் செலவையும் விடாதீர்கள்.

சில ஊரில் இந்தக் கண்காணிப்பே இல்லாமல் ஸ்கேனை மட்டும் வைத்துச் செய்கிறார்களாம். எது சரி?

இரண்டுமே நடக்கின்றன. அறுவை அறையிலேயே எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. எடுத்து இடத்தை உறுதிசெய்யும் குழுக்கள் நல்ல பலனைப் பெறுகின்றன. நுண் மின்முனையை இறக்கவில்லை என்றால் ரத்தக் கசிவு ஆபத்தும் சற்றுக் குறையலாம். இது என் தொழில் என்பதற்காக நான் ஒருதலையாகச் சொல்ல மாட்டேன். அந்தக் குழு எந்த முறையில் கைதேர்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ‘லீட் சரியான இடத்தில் இருக்கிறது என்று மூடுவதற்கு முன் எப்படி உறுதிசெய்வீர்கள்?’ என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் வந்தால் போதும்.

ஆபரேஷன் முடிய எவ்வளவு நேரம் ஆகும்? நாங்கள் எங்கே இருக்க வேண்டும்?

காலையில் போன பிள்ளை வெளியே வர மாலை ஆகலாம். சட்டம் பூட்டுவது, ஸ்கேன், இரண்டு பக்கமும் லீட், சோதனை என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் வேண்டும். காத்திருப்பு அறையை விட்டு இருவருமாகப் போய்விடாதீர்கள், ஒருவர் சாப்பிட்டு வந்தபின் மற்றவர் போங்கள். முதல் பக்கம் முடிந்ததும் யாராவது வெளியே வந்து உங்களிடம் சொல்ல வேண்டும் என்று முன்னதாகவே கேட்டு வையுங்கள். நான் பணியில் இருக்கும் நாளென்றால் நானே வந்து தமிழில் சொல்கிறேன்.